குலவைக்கு விட்ட இடம்

போன மாதம் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் புதிதாக ஒரு ரெக்கார்டர் வாங்கினார்கள். அதைக் காட்டவென்றே ஓய்வு பெற்ற எங்களையெல்லாம் டீக்கு அழைத்திருந்தார்கள். இப்போது அங்கே ஒலிப்பதிவுப் பொறியாளராக இருக்கும் நேஹா, சோப்புப் பெட்டி அளவிலான அந்தக் கருவியை மேசைமேல் வைத்தாள்.

"ஆண்ட்டி, இதுல லெவலே வைக்க வேண்டாம். யார் எவ்வளவு கத்தினாலும் ஒலி உடையாது. கிசுகிசுத்தாலும் பின்னாடி தூக்கிக்கலாம். நீங்க ஆயுசு பூரா செஞ்ச வேலைய இது தானாவே செஞ்சிடுது" என்று இந்தியில் சொல்லிவிட்டு, நான் வருத்தப்படுகிறேனா என்று முகத்தைப் பார்த்தாள்.

வருத்தப்பட என்ன இருக்கிறது? துணி துவைக்கும் மெஷின் வந்த அன்று கண்ணீர் விட்ட பெண் யாரையும் நான் பார்த்ததில்லை. கருவியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "சபாஷ்" என்றேன்.

"அப்படின்னா ஒண்ணு சொல்லுங்க. லெவல் வைக்கிறதுல எல்லாரும் ஏன் அப்படி நடுங்கினீங்க?" என்று கேட்டாள்.

"மத்தவங்க நடுங்கினாங்க. எனக்கு அது பந்தய ஆட்டம் மாதிரி" என்றேன். நான் ஜெயித்த ஆட்டம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். சமோசா வந்ததும் பேச்சு திசை மாறிவிட்டது. அதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பியூலா. எங்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, அம்மா நர்ஸ். தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்து, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். வங்கித் தேர்வு எழுதச் சொன்னார் அப்பா. எழுதினேன், தேறவில்லை. அதற்குள் எங்கள் சர்ச் சபையின் ஆம்ப்ளிஃபையரை நான் பிரித்துப் பழுதுபார்த்த செய்தி எப்படியோ பரவி, முனிர்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் கேபிள்களுக்குச் சால்டர் வைக்கும் வேலை கிடைத்தது. சில வருடங்களில் கேபிளின் மறுமுனைக்கு, அதாவது கன்ட்ரோல் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரையும்போல டேப்பைச் சுற்றினேன், மைக்கைத் தூக்கினேன், வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

தலைமைப் பொறியாளர் பல்பீர் சாப். நெட்டையான சர்தார். அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பாடகர் வந்ததும் அவர் கன்ட்ரோல் ரூமுக்குள் போகமாட்டார். பாடும் கூடத்துக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டீர்கள், பஸ்ஸில் கூட்டமா என்று பேச்சுக் கொடுப்பார். அவர்கள் உடம்பு தளர்ந்ததும், "இந்தப் பாட்டிலேயே பெரிய சத்தம் எதுவோ, அதை மட்டும் காட்டுங்க" என்பார். அவர்கள் காட்டுவதை வைத்துத்தான் லெவலை அமைப்பார். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். "ஆர்ட்டிஸ்ட் காட்டுறது எப்பவும் முக்கால்தான், பியூலாஜி. மிச்சக் கால் பதிவு தொடங்கின பிறகுதான் வெளியே வரும்."

யாரையும் அவர் திட்டிக் கேட்டதில்லை. தவறு நடந்தால், அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடுவார். ஒரு தடவை, இரண்டு தடவை. போட்டுக்கொண்டே விட்டத்தைப் பார்ப்பார். திட்டே வாங்கியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும்.

எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்ட இடம் ஒன்றே ஒன்று. டேப் காலத்தில் ஒலியை எவ்வளவு ஏற்றிப் பதிகிறோமோ அவ்வளவு நல்லது. குறைத்துப் பதிந்தால் டேப்பின் இரைச்சல் மேலே வரும். கொஞ்சம் அதிகமாகி மீட்டரின் சிவப்பைத் தொட்டாலும் டேப் அதைப் பக்குவமாக வாங்கிக்கொள்ளும், சில சமயம் இனிமைகூடச் சேரும். டிஜிட்டலில் கதை வேறு. மீட்டரின் உச்சியில் பூஜ்யம் என்று ஒரு கோடு இருக்கும். அதற்குமேல் எதுவும் கிடையாது. அதைத் தாண்டும் ஒலியின் தலை வெட்டப்பட்டுவிடும். காதுக்கு அது 'கர்' என்று கேட்கும். வெட்டியதை எந்தக் கருவியாலும் சரியாக ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் உச்சிக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டுப் பதிய வேண்டும். ஹெட்ரூம் என்பது இந்த இடம்தான். பால் காய்ச்சும்போது பாத்திரத்தின் விளிம்புவரை ஊற்றமாட்டோம் இல்லையா, அதே போல.

பல்பீர் சாப் டிஜிட்டலிலும் விளிம்புவரை ஊற்றுகிறவர். அதற்கும் நியாயம் இருந்தது. முதலில் வந்த டிஜிட்டல் மெஷின்களில் ஒலியைக் குறைத்துப் பதிந்தால் மெல்லிய சத்தங்கள் மணல் மணலாகக் கேட்கும். ஆனால் பிறகு வந்த மெஷின்கள் நன்றாகத் தேறியிருந்தன, அந்தப் பயம் தேவையில்லை என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"காதுக்குக் காட்டுங்க" என்றார்.

ஒரு தபலாக் கலைஞரை வாசிக்கச் சொல்லி, அதே வாசிப்பை இரண்டு தடங்களில் பதிந்தேன். ஒன்று அவர் வழக்கப்படி உச்சியை ஒட்டி. மற்றது என் விருப்பப்படி நன்றாகக் கீழே. பிறகு இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று சொல்லாமல் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாவது. இதுல தோல் கேட்குது. முதல்ல இருக்கிறது வெறும் அடி."

இரண்டாவது என்னுடையது. திரையைத் திருப்பிக் காட்டினேன். தபலாவின் அடி கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சியை முட்டிவிட்டு இறங்கியிருந்தது. மீட்டரின் முள்ளுக்குக்கூட அது தெரியாத வேகம். விட்டத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, மீட்டரின் ஓரத்தில், உச்சிக்கு நன்றாகக் கீழே மைனஸ் பதினெட்டு என்று போட்டிருந்த இடத்தில் ஒட்டினார்.

"இனிமே இந்த ரூம்ல பாட்டு சராசரியா இங்கதான் நிக்கணும். மேல இருக்கிறது ஆர்ட்டிஸ்டோட இடம். நாம அங்க குடியேறக் கூடாது" என்றார்.

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

இனி அந்தப் பெரிய ஆட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர் எட்வின் அண்ணன். பகலில் அரசு அலுவலகத்தில் ஃபைல், சாயங்காலத்தில் ஆர்மோனியம். குழுவில் பெரும்பாலோர் தில்லி ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த நர்சுகள். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதைக் கேட்ட கன்னா என்பவர், தன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஒரு சிடி போடலாம் என்று முன்வந்தார். எட்வின் அண்ணன் இசையமைத்த அறுவடைப் பாட்டுதான் அதில் முக்கியம். கும்மித் தாளத்தில் மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏறும் பாட்டு. தனிக்குரல் மெர்சியுடையது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்.

சிக்கல் என்னவென்றால், மெர்சியும் குழுவில் பாதிப்பேரும் அயர்லாந்தில் வேலை கிடைத்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கூட்டம் இனிமே ஒண்ணாச் சேராது பியூலா. டூட்டியெல்லாம் மாத்திக்கிட்டு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாராங்க. கூட்டிட்டு வார வேன் சாயங்காலமே திரும்பக் கூட்டிட்டுப் போயிரும். அதுக்குள்ள உள்ளத எடுத்துரணும்" என்றார் எட்வின் அண்ணன்.

மே மாதம். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்து இறங்கியபோதே பாதிப்பேருக்குக் கண் சொருகியிருந்தது. இரவு டூட்டி முடித்து, தூங்காமல் வந்தவர்கள். கூடத்தின் நடுவே உயரமாக இரண்டு மைக், வரிசைக்கு ஒன்று, மெர்சிக்குத் தனியாக ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று வைத்தேன். பல்பீர் சாப் சொல்லிக்கொடுத்தபடி, "எல்லாரும் பாட்டுலயே சத்தமான இடத்தப் பாடிக் காட்டுங்க" என்றேன். பாடினார்கள். கையில் இருந்த தாளைப் பார்த்து, தாளுக்கே பாடினார்கள். மெர்சியின் குரல் அடுத்த அறைக்குக்கூடப் போகாது. மீட்டர் தரையை விட்டு எழுந்திருக்க மறுத்தது.

என் பக்கத்தில் நின்ற கன்னா கவலைப்பட்டார். கெட்டவர் இல்லை. பணத்தைப் போட்டவர், தொழில் தெரிந்தவர்.

"மேடம், கெயினை ஏத்துங்க. பாதிகூட வரல. பின்னாடி தூக்கினா இரைச்சலும் சேர்ந்து வருமே?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. மைக் ஒலியைப் பெருக்கும் அந்தக் குமிழை ஏற்றுவதற்குக் கை நீட்டினேன். அதற்குள் எட்வின் அண்ணன் டீக்கு விட்டுவிட்டார். பாடகர்கள் எல்லாரும் வெளியே போனார்கள். கூடத்தின் கதவு பாதி திறந்தபடி நின்றது, மைக்குகள் திறந்தே இருந்தன. பல்பீர் சாப் பின்னாலிருந்த சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கீழே, அவர்களைக் கொண்டுவந்த வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. டிரைவர் எங்கோ கிளம்புகிறார். மாடிப்படியிலிருந்து ஒரு பெண்குரல்:

"பையா! ருக்கியே! கஹான் ஜா ரஹே ஹோ?"

மெர்சி. அண்ணே நில்லுங்க, எங்கே போறீங்க என்று அவள் இந்தியில் கத்தியதும், கதவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, காலியாக நின்ற மைக்கில் அந்தக் குரல் வந்து விழுந்தது. மீட்டர் துள்ளியது. அத்தனை பேரும் சேர்ந்து பாடியபோது தொட்ட இடத்தைவிட உயரமாகத் துள்ளியது. கன்னா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; மீட்டரைப் பார்த்தது நான் மட்டும்தான்.

அவசரப் பிரிவில் கூட்டத்துக்கு நடுவே டாக்டரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. அவள் எங்களுக்குக் காட்டியது முக்கால்கூட இல்லை, கால்தான். ஏற்றப் போன கையால் கெயினை இறக்கினேன். எல்லா மைக்கையும் இறக்கினேன். மெர்சியினுடையதை இன்னும் ஒரு பங்கு அதிகமாக.

கன்னா பதறிவிட்டார். "அரே! இறக்கறீங்களா?"

"சார், அவங்க இன்னும் பாடவே ஆரம்பிக்கல."

"அப்போ இரைச்சல்?"

அது எனக்கும் தெரிந்த பயம்தான். பாட்டின் முதல் அடிகள் மிக மெல்லியவை. இவ்வளவு இறக்கினால், பின்னால் அவற்றைத் தூக்கும்போது கூடத்தின் ஏசி உறுமலும் கூடவே எழுந்து வரும். பாட்டை மேலே ஏற்ற முடியாது என்றால், இரைச்சலைக் கீழே தள்ள வேண்டும். எழுந்துபோய் ஏசியை அணைத்தேன்.

மே மாதத் தில்லியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஏசியை அணைத்தேன்.

கன்னா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பல்பீர் சாபைத் திரும்பிப் பார்த்தார். "சாப், நீங்க ஏதாவது சொல்லுங்க."

பல்பீர் சாப் பேப்பரைத் தாழ்த்தினார். "இன்னைக்கு அந்த நாற்காலி பியூலாஜியோடது" என்றார். மறுபடி பேப்பர் எழுந்துவிட்டது.

அவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். "எக்கா, இங்க அடுப்புக்குள்ள நிக்கமாரி இருக்கு" என்றாள் ஒருத்தி. "நம்ம ஊரு பங்குனி வெயிலுன்னு நெனச்சுக்கோட்டி" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். தாள்களைக் கீழே வைக்கச் சொன்னேன். மனப்பாடமாகத் தெரியும்தானே? தெரியும் என்றார்கள். பதிவை ஓடவிட்டேன்.

முதல் அடிகள் காற்றைப்போல வந்தன. ஹெட்ஃபோனில் நான் தேடியது இரைச்சலை. இல்லை. ஆட்கள் மூச்சு இழுப்பதுதான் கேட்டது. இரண்டாவது சரணத்தில் கால்கள் தாளம் போட ஆரம்பித்தன. மூன்றாவதில் மெர்சி தலையை நிமிர்த்தினாள். மாடிப்படியில் கேட்ட அந்தக் குரல் இப்போது பாட்டுக்குள் வந்துவிட்டது. மீட்டர் ஏறியது, வெள்ளை டேப்பைத் தாண்டியது, மேலும் ஏறியது. கைதட்டல் சேர்ந்தது. வியர்வையில் சேலை ஒட்ட, எல்லாரும் வட்டம் கட்டி ஆடிக்கொண்டிருப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். சேர்ந்து பாடும் கடைசி நாள் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசிச் சொல் முடிந்தது. தாளம் காட்டிக்கொண்டிருந்த எட்வின் அண்ணன் கையை இறக்கப்போனார்.

மெர்சி குலவை போட்டாள்.

பாட்டில் குலவை எழுதப்படவே இல்லை. ஒத்திகையில் யாரும் போடவும் இல்லை. அவள் தொடங்கியதும் அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குலவையைப் பதிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊசியைப்போல ஏறும் ஒலி அது. மீட்டர் ஒரே எட்டில் உச்சிக்குப் போனது. நான் எதையும் தொடவில்லை, தொட நேரமும் இல்லை. உச்சிக்கு ஒரு நூல் கீழே நின்றது. நின்று, அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

கூடத்தில் எதிரொலி அடங்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு எட்வின் அண்ணன் கண்ணாடியை நோக்கித் திரும்பினார். முகத்தில் கலவரம்.

"பியூலா, அது பாட்டுல உள்ளது இல்ல. வெட்டிரலாமா?"

"வெட்டுனா நான் வேலைய விட்டுருவேன் அண்ணே" என்றேன் மைக்கில். கூடமே சிரித்தது.

மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. "எக்கா, ரொம்பக் கத்திட்டனோ? மிஷினு கிஷினு ஒடஞ்சிருச்சா?"

"ஒண்ணும் ஒடையல. நீ போட்ட குலவை முழுசா உள்ள இருக்கு."

பின்னாலிருந்து பல்பீர் சாப் எழுந்து வந்தார். குலவை இடத்துக்குப் பதிவைத் திருப்பினார். ஒரு தடவை போட்டார். இரண்டாவது தடவை போட்டார். விட்டத்தைப் பார்த்தார். எங்கே தவறு என்று தேடினேன். மூன்றாவது தடவையும் போட்டபோதுதான் புரிந்தது, அவர் தவறு எதையும் காட்டவில்லை. கேட்க ஆசைப்பட்டுப் போடுகிறார்.

"வாஹ்" என்றார். ஏசியைப் போட்டுவிட்டு, நர்சுகளுக்குத் தன் கையாலேயே தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்.

ஆட்டம் அதோடு முடியவில்லை. மிக்ஸிங்கில் இன்னொரு சுற்று இருந்தது. தனித்தனியே பத்திரமாக இருக்கும் ஒலிகள் ஒன்றாகச் சேரும்போது கூடிப் பெருகும். எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிட்டால் மொத்த ஒலி உச்சியை முட்டும். அதனால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களையெல்லாம் அடியில் இறக்கிவிட்டு, முதலில் நடு மைக்குகளில் குலவை வரும் இடத்தை மட்டும் எடுத்தேன். பாட்டிலேயே உயரமானது அது. அதை உச்சிக்குக் கீழே நல்ல இடைவெளியில் நிறுத்தினேன். பிறகு மெர்சியின் குரல், பிறகு வரிசைகள், கடைசியாகத் தாளம் என்று ஒவ்வொன்றாக அதற்குக் கீழே அடுக்கினேன். எதையாவது கூட்ட ஆசை வந்தால் அதைக் கூட்டாமல் மற்றவற்றைக் குறைத்தேன்.

கன்னாவுக்கு மிக்ஸ் பிடித்தது. ஆனால், "கடையில மத்த சிடிக்குப் பக்கத்துல போட்டா இது சின்னதா கேட்கும் மேடம். ஏறின சத்தத்தை அமுக்கி, மொத்தத்தையும் மேல தூக்குங்க" என்றார். அந்த நாளில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். நான் மறுக்கவில்லை. அவர் சொன்னபடி ஒன்று, என் விருப்பப்படி ஒன்று என்று இரண்டு சிடி எழுதிக்கொண்டு அவரோடு கீழே போனேன். அவருடைய காரில் உட்கார்ந்தோம்.

முதலில் அவர் சொன்னது. தொடக்கமே ஓங்கி வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். பாட்டு ஏறியது. முடிந்தது.

"குலவை எங்கே?" என்றார்.

"வந்துச்சே சார்."

வந்திருந்தது. ஆனால் தொடக்கமும் முடிவும் ஒரே உயரம் ஆகிவிட்டதால், அது வந்தது அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து என்னுடையது. தொடக்கம் மெல்லியதாக இருக்கவே, அவராகவே குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். சரணங்கள் ஏறின. குலவை எழுந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் என்று காருக்கு வெளியே திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இதையே போடுங்க. எங்க கம்பெனியிலேயே சத்தம் கம்மியான சிடி இதுவாத்தான் இருக்கும். இருக்கட்டும்!"

பின்னாளில் இணையத்தில் பாட்டுக் கேட்கும் காலம் வந்தது. அங்கே எல்லாப் பாட்டையும் ஒரே சராசரிச் சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அமுக்கித் தூக்கியவை அங்கே தட்டையாகப் படுத்துக்கிடக்கின்றன. எங்கள் அறுவடைப் பாட்டு எழுந்து நிற்கிறது. பல்பீர் சாப் ஓய்வு பெற்றபோது அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என்று அவர் தன் பிரிவுபசாரத்தில் போட்டுக் காட்டியதும் அந்தப் பாட்டைத்தான்.

ஆனால், ஜெயித்துவிட்டேன் என்று நான் அறிந்தது அதற்கெல்லாம் வெகு முன்னால். சிடி வெளிவந்த அதே வருடம், குளிர் தொடங்கும் நேரத்தில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. மெர்சியும் மற்றவர்களும் அயர்லாந்து போய்ச் சேர்ந்திருந்தார்கள். பாட ஆள் போதாததால் சிடியை ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் எட்வின் அண்ணன். காணிக்கையாக வந்த காய்கறிக் கூடைகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் கோடியில், சமையல் பந்தலில் பெண்கள் அசனம் என்ற பொதுப் பந்திக்குச் சாம்பார் வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் இரைச்சலுமாக இருந்தது. பாட்டைக் கவனிப்பார் யாரும் இல்லை என்றே நினைத்தேன்.

மூன்றாவது சரணத்தில் ஏலம் நின்றது. கடைசிச் சொல் முடிந்து, குலவை எழுந்தது. எழுந்தது, வளர்ந்தது, நான் பதிந்ததைவிட நீண்டுகொண்டே போனது. என்ன இது என்று திரும்பிப் பார்த்தேன். பந்தலில் அத்தனை பெண்களும் கரண்டியும் வாளியுமாக நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மாவும்தான். ஸ்பீக்கரிலிருந்து வருவது எது, பந்தலிலிருந்து வருவது எது? நான் காதை நம்பியே பிழைத்தவள். கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.